நிணநீர் முடிச்சோட வலையைப் பாக்க எது சரி: வெள்ளி சாயமா, கொலாஜன் ஆன்டிபாடியா, ரிசெப்டாரா, ஃப்ளோ சைட்டோமெட்ரியா?

தீசிஸுக்கு லிம்ஃப் நோடு எடுத்தாச்சு, உள்ள இருக்கற வலையையும் அதுல செல்லு எப்படி ஒட்டுதுன்னும் பாக்கணும், ஆனா ரெட்டிகுலின்ங்கற வெள்ளி சாயம் போடறதா, கொலாஜன் 4-க்கு ஆன்டிபாடி வாங்கறதா, இல்ல செல்லு ஒட்டறதுக்கு வச்சிருக்கற இன்டெக்ரின் மாதிரி ரிசெப்டார் பக்கம் போறதான்னு தெரியாம நிக்கறவங்க நிறைய பேரு இருக்காங்க. எம்டி பேத்தாலஜி பண்றவங்களும் கேக்கறாங்க, எலி வச்சு பிஎச்டி பண்றவங்களும் இதே கேள்விதான் கேக்கறாங்க, ஆனா ரெண்டு பேருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது, ஏன்னா உங்க கையில இருக்கற திசு பிளாக் பாதி முடிவை உங்களுக்கு முன்னாடியே எடுத்து வச்சிருக்கும்.

முதல்ல உள்ள என்ன இருக்குன்னு தெளிவா ஆயிடுவோம்

கழுத்துல நெறி கட்டியிருக்குன்னு சொல்றோம்ல, அந்த நெறிக்குள்ள இருக்கறது வெறும் லிம்ஃபோசைட் குவியல் கிடையாது. அதுக்குள்ள ஒரு நார் வலை ஓடுது. அந்த நாரோட நடுவுல கொலாஜன் 1-ம் 3-ம், அதை ஒட்டி ஃபிப்ரில்லின், அதுக்கு மேல லாமினின், கொலாஜன் 4, பெர்லிகன், நிடோஜென் சேந்த பேஸ்மென்ட் மெம்ப்ரேன் மாதிரி ஒரு அடுக்கு, இது எல்லாத்தையும் வெளிய இருந்து சுத்திக்கிட்டு ஃபைப்ரோபிளாஸ்டிக் ரெட்டிகுலர் செல், சுருக்கமா எஃப்ஆர்சி. பிளாஸ்டிக் உறை போட்ட கரண்ட் வயரு மாதிரி நார் உள்ள, செல்லு வெளிய. மத்த இடத்துல செல்லு நாருக்குள்ள புதைஞ்சு கிடக்கும், இங்க செல்லுதான் நாரை மூடி வச்சிருக்கு, இதை மனசுல வச்சுக்கங்க, பின்னாடி படத்தைப் படிக்கும்போது ரொம்ப தேவைப்படும்.

இந்த நாருக்குள்ளயே கசிஞ்சு நிணநீர் போகுது. சப்கேப்சுலர் சைனஸுல (உறைக்கு அடியில நிணநீர் வந்து சேர்ற இடம்) இருந்து உள்ள இருக்கற ஹைஎன்டோதீலியல் வெனியூல் (லிம்ஃபோசைட் ரத்தத்துல இருந்து உள்ள நுழையற சின்ன ரத்தக் குழாய்) வரைக்கும் சின்ன மூலக்கூறுங்க, பொதுவா 70 கிலோடால்டனுக்குக் கீழ இருக்கறது, இந்தக் குழாய் வழியா ஓடும், இதைத்தான் காண்டுயிட்னு சொல்றாங்க. வெளிய டி செல்லு எஃப்ஆர்சி மேல ஊர்ந்து போகும், 2006-ல டூ-ஃபோட்டான் மைக்ரோஸ்கோப்புல அதை நேராவே பாத்துட்டாங்க.

ஒட்டற வேலை தனிக் கதை. ரத்தத்துல வர்ற லிம்ஃபோசைட் எல்-செலெக்டின்ங்கற ஒட்டற புரோட்டீனை வச்சு அந்த வெனியூல் சுவர்ல இருக்கற சல்ஃபேட் ஏறின சர்க்கரையைப் புடிச்சு உருளும், சிசிஎல்21-ங்கற கீமோகைனோட சிக்னல் சிசிஆர்7 ரிசெப்டார் வழியா கிடைச்சதும் எல்எஃப்ஏ-1 இன்டெக்ரின் நிமிந்து சுவர்ல இருக்கற ஐகேம்-1-ஐ இறுக்கிப் புடிக்கும், அப்புறம் சுவரைத் தாண்டி உள்ள போகும். குடல் பக்க முடிச்சா இருந்தா ஆல்ஃபா4பீட்டா7 இன்டெக்ரினும் சுவர்ல இருக்கற மேட்கேம்-1-ம் சேந்து வேலை பாக்கும். ஆக நாரு ஒரு கேள்வி, ஒட்டுற ரிசெப்டார் வேற ஒரு கேள்வி. ரெண்டையும் ஒரே சாயத்துல பாத்துடலாம்னு நெனைச்சாதான் சிக்கல் வருது.

எதையெல்லாம் வச்சு முடிவு பண்ணணும்

என் கணக்குல அஞ்சு விஷயம். உங்க கேள்வி இடத்தைப் பத்தியா, அளவைப் பத்தியா, இல்ல அந்தப் புரோட்டீன் இப்ப வேலை பாக்குதாங்கறதைப் பத்தியா, இது முதல். ரெண்டாவது, கையில இருக்கறது ஃபார்மலின்ல போட்ட பாரஃபின் பிளாக்கா, ஃப்ரோசனா, இல்ல இப்பதான் எடுத்த பச்சைத் திசுவா. மூணாவது மனுஷனா எலியா, ஏன்னா பாதி ஆன்டிபாடி ஒண்ணுல மட்டும்தான் ஓடும். நாலாவது, கடைசில நம்பரா சொல்லணுமா, படமா காட்டினா போதுமா. அஞ்சாவது காசும் ஆளும், இதுல ஆன்டிபாடி விலை மட்டும் இல்ல, செகண்டரி (முதல் ஆன்டிபாடியைப் புடிச்சு நிறம் காட்டற ரெண்டாவது ஆன்டிபாடி), கன்ட்ரோல், வீணாப்போற ஸ்லைடு, கத்துக்க எடுக்கற வாரங்கள் எல்லாம் சேரும்.

இதுல ரெண்டாவதுதான் எல்லாத்தையும் அடிச்சுடும்னு நான் நினைக்கறேன். கேள்வி எவ்வளவு அழகா இருந்தாலும் பத்து வருஷம் பழைய பாரஃபின் பிளாக்குல இன்டெக்ரினோட ஆக்டிவ் வடிவத்தைத் தேட முடியாது.

வழி 1: வெள்ளி சாயம், அதாவது ரெட்டிகுலின்

கார்டன்-ஸ்வீட் முறை 1936-ல வந்தது, கோமோரி முறை 1937-ல, இன்னிக்கும் ஹிஸ்டோ லேப்ல இதுதான் ஓடுது. பர்மாங்கனேட் போட்டு, ஆக்சாலிக் ஆசிட்ல வெளுத்து, அயர்ன் ஆலம்ல ஊற வச்சு, அம்மோனியா கலந்த வெள்ளில காட்டி, ஃபார்மலின்ல ரெட்யூஸ் பண்ணி, கோல்டு குளோரைடுல டோன் பண்ணா நார் எல்லாம் கருப்பா தெரியும். பாரஃபின் போதும், மனுஷனா எலியான்னு பாக்காது, மலிவு.

இது எதைப் புடிக்குதுன்னா நாரு மேல இருக்கற சர்க்கரை நிறைஞ்ச பூச்சை, அதனால கொலாஜன் 3 இவ்வளவு இருக்குன்னு இதை வச்சு எழுதக் கூடாது. வலை எங்க அடர்த்தி, எங்க கிழிஞ்சிருக்கு, எங்க ஒதுங்கிருக்குன்னு மட்டும் சொல்லலாம். ஆனா அதுவே பேத்தாலஜில பெரிய உதவி: ஃபாலிகுலர் லிம்ஃபோமால வீங்கின ஃபாலிக்கிளை (பி செல்லு உருண்டையா கூடியிருக்கற இடம்) சுத்தி நாரு நசுங்கி வளையமா நிக்கறது சின்ன லென்ஸுலயே தெரியும், கார்சினோமா வந்து உக்காந்திருந்தா செல்லுக் கூட்டத்தைச் சுத்தி நாரு போகும், லிம்ஃபோமால தனித்தனி செல்லுக்கு நடுவுல போகும்.

மறைஞ்ச செலவு என்னன்னா, அந்த வெள்ளிக் கரைசலை அன்னன்னிக்குப் புதுசா கலக்கணும், கண்ணாடிப் பாத்திரம் ஆசிட்ல கழுவி சுத்தமா இருக்கணும், மெட்டல் ஃபோர்செப்ஸ் உள்ள விடக்கூடாது, மிச்சத்தை அப்படியே காய விட்டா வெடிக்கற பொருளா மாறும், அதனால உப்புக் கரைசலோ நீர்த்த ஹைட்ரோகுளோரிக் ஆசிடோ ஊத்தி செயலிழக்க வச்சுட்டுதான் கொட்டணும். இதை டெக்னீஷியனுக்குச் சொல்லாம விடாதீங்க, தயவு செஞ்சு. அப்புறம் பேட்ச்சுக்குப் பேட்ச் கருப்பு மாறும், அளக்கணும்னா எல்லா ஸ்லைடையும் ஒரே ஓட்டத்துல போடணும். எலும்பு மஜ்ஜைக்கு இருக்கற 0-3 கிரேடைத் தூக்கி இங்க போடறதை சில தீசிஸ்ல பாக்கறேன், அது மஜ்ஜைக்காகச் செஞ்சது, லிம்ஃப் நோடுல இயல்பாவே நாரு நிறைய இருக்கும், பொருந்தாது.

பக்கத்துல கொலாஜனைக் காட்டற ட்ரைக்ரோம், பிக்ரோசிரியஸ் ரெட்னு ரெண்டு சாயமும் இருக்கு. 2002-ல மினசோட்டா பல்கலைக்கழகத்துல டிமதி ஷேக்கர் குழு எச்ஐவி நோயாளிகளோட முடிச்சுல டி செல் பகுதில கொலாஜன் எவ்வளவு படிஞ்சிருக்குன்னு அளந்து, கொலாஜன் கூடக் கூட அங்க சிடி4 செல்லு குறைவாவும், மருந்து எடுத்தும் அந்த எண்ணிக்கை ஏறறது கம்மியாவும் இருக்குன்னு காட்டினாங்க, அதுக்கு அவங்களுக்குத் தேவைப்பட்டது ட்ரைக்ரோமும் இமேஜ் அனாலிசிஸும்தான். எளிய சாயம்னு யாரும் கீழ பாக்க வேண்டியதில்ல. பிக்ரோசிரியஸ்ல மட்டும் ஒரு எச்சரிக்கை, போலரைஸ்டு வெளிச்சத்துல சிவப்பு வந்தா கொலாஜன் 1, பச்சை வந்தா கொலாஜன் 3-ன்னு எழுதறது தப்பு, அந்த நிறம் நாரோட தடிமனையும் அடுக்கையும் பொறுத்து மாறுது.

வழி 2: நாரு புரோட்டீனுக்கு ஆன்டிபாடி

கொலாஜன் 4, லாமினின், ஃபைப்ரோனெக்டின், எலில ஈஆர்-டிஆர்7. எந்தப் புரோட்டீன்னு பேரு சொல்லி எழுதணும்னா இதுதான் வழி. வலையோட படம் ஃப்ரோசன் செக்ஷன்ல ஃப்ளோரசன்ஸ்ல அவ்வளவு நல்லா வரும், கூடவே டி செல்லுக்கு சிடி3, பி செல்லுக்கு பி220 போட்டா டி பகுதி, பி பகுதி பிரிஞ்சு தெரியும், டி பகுதில வலை அடர்த்தியாவும் ஃபாலிக்கிளுக்குள்ள மெலிசாவும் இருக்கறது கண்ணுக்கு முன்னாடி நிக்கும்.

ஆனா கொலாஜன் 4-ம் லாமினினும் ரத்தக் குழாயோட பேஸ்மென்ட் மெம்ப்ரேன்லயும் இருக்கு, அதனால நீங்க வலைன்னு அளக்கறதுல கணிசமான பகுதி குழாயா இருக்கலாம். குழாய்ச் சுவரைக் காட்டற சிடி31 கூடப் போட்டு அதைக் கழிக்கணும். இதைச் செய்யாம வலை அடர்த்தி கூடிடுச்சுன்னு எழுதினா, வீக்கத்துல குழாய் பெருகினதைத்தான் நீங்க அளந்திருக்கீங்களோன்னு எக்ஸாமினர் கேப்பாரு, நியாயமான கேள்வி அது.

லாமினின்ல இன்னொரு நுணுக்கம் இருக்கு. கடைல கிடைக்கற பொதுவான லாமினின் ஆன்டிபாடி எல்லா வகையையும் சேத்துப் புடிக்கும், ஆனா முடிச்சுல ஆல்ஃபா4 சங்கிலி இருக்கற லாமினினுக்கும் ஆல்ஃபா5 இருக்கறதுக்கும் வேலை வேற, எலி மாற்று உறுப்பு ஆய்வுகள்ல உடம்பு ஏத்துக்கற நிலைல ஆல்ஃபா4 பக்கம் விகிதம் ஏறுது, எதிர்க்கற நிலைல ஆல்ஃபா5 பக்கம். உங்க கேள்வி சகிப்புத்தன்மை பத்தினா சங்கிலிக்குத் தனி ஆன்டிபாடி வாங்கியே ஆகணும், பொதுவானது பிரயோஜனம் இல்ல.

ஈஆர்-டிஆர்7 பத்தியும் சொல்லணும், ஏன்னா பல வருஷமா எல்லாரும் இதை எஃப்ஆர்சி மார்க்கர்னே எழுதிட்டு வந்தாங்க, அது எதைப் புடிக்குதுன்னு யாருக்கும் தெளிவா தெரியாது. 2021-ல அது புடிக்கறது கொலாஜன் 6-ன்னு வந்துடுச்சு. அதாவது செல்லு கிடையாது, செல்லு செஞ்சு வெளிய விட்ட பொருள். செல்லு செத்துப் போயும் நாரு நிக்கலாம், அப்ப ஈஆர்-டிஆர்7 பாசிட்டிவா இருக்கும், எஃப்ஆர்சி இருக்காது. இதை இன்னும் பழைய மாதிரி எழுதறவங்க உண்டு, நீங்க எழுதாதீங்க.

பாரஃபின்ல கொலாஜன் 4-ம் லாமினினும் போடறதுன்னா பெரும்பாலும் பெப்சின் இல்ல புரோட்டினேஸ் கே போட்டு திறந்து விடணும், கொஞ்சம் கூடினா திசுவே உரிஞ்சு போகும், எத்தனை நிமிஷம்னு கண்டுபுடிக்கவே ஒரு பெட்டி ஸ்லைடு போகும், இந்தச் செலவை யாரும் பட்ஜெட்ல எழுதறதில்ல.

வழி 3: ஒட்டற ரிசெப்டாருக்கு ஆன்டிபாடி

இங்கதான் ஆசையில நிறைய பேரு இறங்கறாங்க, இங்கதான் அதிகமா ஏமாறவும் செய்யறாங்க. எல்எஃப்ஏ-1-க்கு ஆன்டிபாடி போட்டா முடிச்சு முழுக்க மின்னும். ஏன்னா எல்லா லிம்ஃபோசைட்லயும் அது இருக்கு. படம் வரும், தகவல் வராது. திசுல இடம் பாக்கணும்னா ரிசெப்டாரை விட அது புடிக்கற ஆளைத் தேடறதுதான் புத்திசாலித்தனம்: ஐகேம்-1, விகேம்-1, மேட்கேம்-1, அப்புறம் எல்-செலெக்டின் புடிக்கற சர்க்கரையை அடையாளம் காட்டற எம்இசிஏ-79. ஃபாலிகுலர் டென்ட்ரிட்டிக் செல்லு மேல ஐகேமும் விகேமும் நல்லா வரும், மேட்கேம்-1 எலில சப்கேப்சுலர் சைனஸுக்குக் கீழ இருக்கற மார்ஜினல் ரெட்டிகுலர் செல்லைக் காட்டும், எம்இசிஏ-79 ஹைஎன்டோதீலியல் வெனியூலை மட்டும் எடுத்துக் காட்டும், அதுவும் மனுஷன் எலி ரெண்டுலயும் ஓடும், அது பெரிய வசதி. ஆனா அது ஐஜிஎம், சாதாரண ஐஜிஜி செகண்டரி போட்டுட்டு ஒண்ணும் வரலைன்னு உக்காந்திருக்கறது அடிக்கடி நடக்கற விஷயம்.

போடோபிளானினை இந்தப் பட்டியல்ல சேக்கறேன், அது எஃப்ஆர்சி மேல இருந்துக்கிட்டு டென்ட்ரிட்டிக் செல்லோட கிளெக்-2 ரிசெப்டாரைப் புடிக்கற புரோட்டீன், அந்தப் புடி விழுந்ததும் எஃப்ஆர்சி இறுக்கம் விட்டு நீளும், அதனாலதான் நெறி கட்டும்போது முடிச்சு வேகமா பெருசாக முடியுது. மனுஷத் திசுல டி2-40 க்ளோன் பாரஃபின்ல அருமையா வரும், எலில 8.1.1 க்ளோன், அது ஹாம்ஸ்டர் ஆன்டிபாடி, செகண்டரி அதுக்கேத்த மாதிரி வாங்கணும். டி2-40 லிம்ஃபேட்டிக் குழாயையும் எடுக்கும், ஃபாலிகுலர் டென்ட்ரிட்டிக் செல்லையும் எடுக்கும், அதனால தனியா போடாம குழாய்க்கு சிடி31-ம் ஃபாலிகுலர் டென்ட்ரிட்டிக் செல்லுக்கு சிடி21-ம் கூட வைங்க.

இந்த வழியோட பெரிய குறை, இருக்குன்னு காட்டும், வேலை பாக்குதுன்னு காட்டாது. இன்டெக்ரின் மடிஞ்சு தூங்கலாம், நிமிந்து புடிக்கலாம், சாதாரண ஆன்டிபாடிக்கு ரெண்டும் ஒண்ணுதான். 2008-ல மார்ட்டின்ஸ்ரீட் மேக்ஸ் பிளாங்க்ல மைக்கேல் சிக்ஸ்ட் குழு எலியோட டென்ட்ரிட்டிக் செல்லுல இன்டெக்ரின் எல்லாத்தையும் எடுத்துட்டுப் பாத்தாங்க, அது திசுக்குள்ள நல்லாவே நகந்துச்சு. அப்படின்னா முடிச்சுக்குள்ள ஒரு செல்லு மேல இன்டெக்ரின் தெரிஞ்சதை வச்சு, அது அதைப் புடிச்சுதான் நடக்குதுன்னு எழுத முடியாது. குழாய்ச் சுவர்ல நிக்க இன்டெக்ரின் அவசியம், உள்ள நடக்க அந்த அளவுக்கு இல்ல.

இதுல பாரஃபின்ல ஓடற க்ளோனும் கம்மி. சிடி31, சிடி44, டி2-40 பரவால்ல, இன்டெக்ரின் ஆன்டிபாடில பெரும்பாலானது ஃப்ரோசன்தான் கேக்கும்.

வழி 4: திசுவைக் கரைச்சு ஃப்ளோல (செல்லை ஒவ்வொண்ணா எண்ணி அளக்கற கருவி) ஓட்டறது

எத்தனை செல்லு, ஒரு செல்லு மேல எவ்வளவு ரிசெப்டார்னு நம்பர் வேணும்னா இதுக்கு மாத்து இல்ல. கொலாஜினேஸ் P, டிஸ்பேஸ், டிஎன்ஏஸ் சேத்து 37 டிகிரில கரைச்சு, சிடி45 இல்லாத செல்லை, அதாவது வெள்ளை அணு அல்லாததை எடுத்து, போடோபிளானினும் சிடி31-ம் வச்சு நாலாப் பிரிக்கலாம்: போடோபிளானின் மட்டும் இருந்தா எஃப்ஆர்சி, ரெண்டும் இருந்தா லிம்ஃபேட்டிக் சுவர், சிடி31 மட்டும் இருந்தா ரத்தக் குழாய்ச் சுவர், ரெண்டும் இல்லாதது மிச்சம்.

நாரு மொத்தமும் போயிடும், அது தெரிஞ்சதுதான். தெரியாம போறது, எஃப்ஆர்சி நாரோட ஒட்டிக்கிட்டு வராம நின்னுடும், அதனால எண்ணிக்கை எப்பவும் உண்மையை விடக் கம்மி. எல்-செலெக்டின் சூட்டுலயும் தூண்டல்லயும் செல்லு மேல இருந்து வெட்டுப்பட்டு விழும், டிஸ்பேஸ் சில மேற்பரப்பு புரோட்டீனை வெட்டும், குறைஞ்சிருக்குன்னு நீங்க பாக்கறது நோயினாலயா என்ஸைமாலயான்னு சொல்ல, என்ஸைம் போட்டதும் போடாததும்னு ரத்த செல்லுல ஒரு கன்ட்ரோல் வேணும். மனுஷ எல்எஃப்ஏ-1 ஆக்டிவா இருக்கான்னு பாக்க கேஐஎம்127, 24-ன்னு ரெண்டு ஆன்டிபாடி இருக்கு, உயிரோட இருக்கற செல்லுலதான் அதைப் பாக்கறது வழக்கம், ஆனா இந்த 24-க்கு மெக்னீசியமோ மாங்கனீசோ வேணும், ஃப்ளோ பஃபர்ல பழக்கத்துல இடிடிஏ ஊத்தினா சிக்னல் போயிடும்.

ஒரே பார்வைல

| | வெள்ளி சாயம் | நாரு ஆன்டிபாடி | ரிசெப்டார் ஆன்டிபாடி | ஃப்ளோ |
|---|---|---|---|---|
| எதுக்குப் பதில் | வலையோட வடிவம் | எந்தப் புரோட்டீன், எங்க | யாரு எங்க ஒட்ட முடியும் | எத்தனை, எவ்வளவு |
| பழைய பாரஃபின் பிளாக் | நல்லா ஓடும் | பாடுபட்டா ஓடும் | சில க்ளோன் மட்டும் | முடியாது |
| ஃப்ரோசன் | தேவையில்ல | ரொம்ப நல்லது | ரொம்ப நல்லது | முடியாது |
| இடம் தெரியுமா | தெரியும் | தெரியும் | தெரியும் | தெரியாது |
| வேலை பாக்குதான்னு தெரியுமா | தெரியாது | தெரியாது | தெரியாது | சரியான க்ளோன் இருந்தா தெரியும் |
| மறைஞ்ச செலவு | பேட்ச் மாற்றம், வெடி ஆபத்து | குழாயைக் கழிக்கற வேலை | செகண்டரி, க்ளோன் தேடல் | என்ஸைம் வெட்டறது, செல் இழப்பு |

யாருக்கு எது

பழைய பிளாக்கை வச்சு லிம்ஃபோமா, காசநோய் நெறி, மெட்டாஸ்டாசிஸ்னு தீசிஸ் பண்ற எம்டி மாணவரா இருந்தா ரெட்டிகுலின்ல ஆரம்பிங்க, கூட டி2-40, சிடி21, எம்இசிஏ-79 போடுங்க, இன்டெக்ரின் பக்கம் போகாதீங்க. ஆஞ்சியோஇம்யூனோபிளாஸ்டிக் லிம்ஃபோமா மாதிரி கேஸ்ல சிடி21 வலை விரிஞ்சு கிளை விட்ட வெனியூலைச் சுத்தி நிக்கறதைப் பாத்தா அந்தக் காசு வீண் இல்லன்னு புரியும்.

எலில தொற்றோ தடுப்பூசியோ கொடுத்து முடிச்சு எப்படி மாறுதுன்னு பாக்கறவங்க ஒரு பக்க முடிச்சை ஃப்ரோசனுக்கும் மறுபக்கத்தை ஃப்ளோவுக்கும் பிரிச்சுடுங்க, ஒண்ணு இடம் சொல்லும், இன்னொண்ணு எண்ணிக்கை சொல்லும், ரெண்டும் ஒத்துப் போனா அதுதான் பலமான முடிவு. விலங்கு நெறிமுறைக் குழு விண்ணப்பத்துலயே ரெண்டையும் எழுதிடுங்க, பின்னாடி சேக்கறது பெரிய அலைச்சல்.

ஃபைப்ரோசிஸ் அளவு மட்டும் போதும்னா ட்ரைக்ரோமும் நல்ல ஸ்கேனரும் போதும். டூ-ஃபோட்டான் இருக்கற இடத்துல வேலை பாக்கறவங்க சாயமே இல்லாம செகண்ட் ஹார்மோனிக்ல கொலாஜன் நாரைப் பாக்கலாம், கேப்சூலும் தடிச்ச நாரும் பளிச்சுன்னு வரும், மெலிசு மங்கலா இருக்கும், கொலாஜன் 4 வலையா அடுக்கறதால அதுல தெரியவே தெரியாது.

பீட்டா2 இன்டெக்ரின் குறைபாடு இருக்கான்னு சந்தேகப்படற குழந்தைக்கு முடிச்சை வெட்டவே வேண்டாம், ரத்தத்துல சிடி18 ஃப்ளோ பாத்தா போதும், இதை இங்க சொல்றதுக்குக் காரணம் பயாப்சி கேட்டு சில பேரு அலையறாங்க, அது தேவையில்லாத கத்தி.

எந்த வழில போனாலும் மனுஷத் திசுக்குக் கன்ட்ரோலா டான்சில் ஒரு பிளாக் எடுத்து வச்சுக்கங்க, அதுல ஃபாலிக்கிளும் இருக்கு, எம்இசிஏ-79 புடிக்கற வெனியூலும் இருக்கு, வலையும் இருக்கு, ஆனா சப்கேப்சுலர் சைனஸ் கிடையாது, அதனால சைனஸுல லைவ்-1 (நிணநீர்க் குழாய்ச் சுவரோட மார்க்கர்) பாக்கறவங்க மட்டும் ரியாக்டிவ் லிம்ஃப் நோடையே கன்ட்ரோலா வைக்கணும்.